பச்சைகுத்தும் கலையும் பயில விரும்புவார் கடமையும்

(சாத்தூரில் நம் சங்க உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு நகைப்பையும் சிலருக்கு வெறுப்பையும் விளைக்கலாம். பச்சைகுத்தும் தொழிலைப் பயில விரும்பும் இளைஞர், ஆசிரியர் ஒருவரை அடையுமுன் யாது செய்தல் வேண்டும் என்பதே அப்பொருள். மதுரை, சென்னை முதலிய நகரங்களில் 'டாட்டூ' நிலையங்கள் பல்கியுள்ளன. அவற்றிற் சேர விழையும் பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் உளர். அவர்களைச் சினந்து அடக்குவதனாற் பயனில்லை. நெறி காட்டுதலே மூத்தோர் கடன்.

'அது நம்மவர் செய்யத்தக்க தொழிலா?' என்று வினவுவார் உளர். முற்காலத்தே குறவர் குலப் பெண்டிர் ஊர்தோறுஞ் சென்று கோலமும் தேளும் பெயரும் குத்தினர். அவர்தங் கைத்திறனை நம் பாட்டிமார் மேனியில் ஏற்றுப் போற்றினர். அங்ஙனமாக, அத்தொழிலைத் தாழ்வென்று கூறுதல் எவ்வாறு பொருந்தும்? தொழிலில் இழிவில்லை; அதனைப் பிழைபடச் செய்தலே இழிவு.

ஆசிரியரை நாடுவோர் கொண்டு செல்லவேண்டுவது யாது? சிபாரிசுக் கடிதம் அன்று. தம் கையால் வரைந்த சித்திரத் தொகுதியே. நூறு படங்களைத் திணித்தல் வேண்டா. முற்ற முடிந்த இருபது படங்கள் சாலும். வலியற்ற ஒரு படம் நல்ல பத்தின் மதிப்பையுங் கெடுக்கும். ஆசிரியர் முதற்கண் நோக்குவது கோட்டையே. நடுக்கமின்றி, ஒரே தடிப்பில், வளைவிலும் முறியாது கோடு ஓடுதல் வேண்டும். நம் பெண்மக்கள் வாசலில் இடும் சிக்குக்கோலம் இதற்கு ஒப்பற்ற பயிற்சி. அவர்தங் கோலநோட்டே இத்தொகுதியின் முதலேடாகத் தக்கது. தீப்பெட்டிச் சீட்டில் விரலளவு இடத்தில் மயிலும் மானும் தெளிவுறத் தோன்றுதலையும் கூர்ந்து நோக்குக. சிற்றுருவில் தெளிவு நிறுத்தும் வகை அதனாற் புலனாம். பிறர் படத்தைப் பார்த்து வரைந்திருப்பின், அதனை மறையாது எழுதிவைத்தல் வேண்டும்.

தமிழாசிரியராகிய நாம் ஒன்றை வற்புறுத்துகின்றோம். பெயரும் சொற்றொடரும் குத்திக்கொள்வார் பலர். 'அன்னை' என்பதை 'அண்ணை' என எழுதின், தாளிலாயின் அழிக்கலாம். தோலில் அழித்தல் அரிது. ஆதலின், பிழையற்ற தமிழெழுத்து வரிசையொன்று தொகுதியில் இருத்தல் இன்றியமையாதது.

நமக்கு அணித்தான கோவில்பட்டியை நோக்குவோம். ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியிற் பயின்றவர். நாடகக் குழுவிற்குத் திரைச்சீலைகள் தீட்டிப் பின்னர் அவ்வூரில் தங்கினார். அவரும், டி. எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் முதலிய மாணாக்கரும் வரைந்த தெய்வத் திருவுருவங்கள் சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டிகளாகி வீடுதோறும் சென்றன. மாணாக்கர் ஆசிரியர் அருகிருந்தே கைபழகினர். பச்சைகுத்தும் கலையும் அத்தகையதே. நூலால் மட்டும் வாராது.

இனி ஓர் எச்சரிக்கை. தொகுதியை நிரப்பும் அவாவினால், ஊசி வாங்கித் தம் மேனியிலோ நண்பர் மேனியிலோ குத்திப் பார்த்தல் பெருந்தவறு. தூய்மையற்ற ஊசியால் மஞ்சட்காமாலைக் கிருமிகளும் எய்ட்ஸ் கிருமியும் பரவும். ஒருவருக்குக் குத்திய ஊசியைப் பிறிதொருவருக்கு ஆளலாகாது. பழகுதற்குச் செயற்கைத் தோல் உண்டு. தொழிலிற் புகுவார் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி இட்டுக்கொள்ளுதல் வேண்டும். பதினெட்டு நிரம்பாதார்க்குக் குத்த மறுக்கும் நிலையமே சேரத் தக்கது.

பெற்றோரே! பயிற்சிக் காலத்தின் தொடக்கத்தில் ஊதியம் கிடைத்தல் அரிது; துடைத்தலும் கழுவுதலுமே பணியாகும். சில இடங்களில் கட்டணமுங் கேட்பர். எத்துணைத் திங்கள், எவ்வளவு தொகை, யாது கற்பிக்கப்படும் என்பவற்றை எழுத்தில் பெற்ற பின்னரே பணம் செலுத்துக. கல்லூரிக்குச் செலவிடுவார் இதற்கும் உணவும் உறையுளும் அளித்தல் முறையே. மகனுக்கு மட்டுமன்று, மகளுக்கும்.

சங்கத்தார் ஞாயிறுதோறும் ஓர் அறையை ஒழித்து, ஓவிய ஆசிரியர் ஒருவரைக்கொண்டு இப்பிள்ளைகளின் கையைத் திருத்துவாராயின் அது பேருதவியாகும். இவ்வேண்டுகோளை ஏற்றருளுமாறு இரந்து அமைகின்றோம்.