திருகோணமலை வானில் வந்த படைத்தலைவர்

 

வீராம்பட்டினக் கரையில் நின்று கிழக்கே நோக்குவார்க்குக் கடல் ஒன்றே தெரியும். வலை இழுப்போர்க்கு அது வாழ்வு. அதே வங்கக் கடலின் தென்புறத்தே, 1942 ஏப்ரல் திங்களில், சப்பானியக் கடற்படையின் ஐந்து வானூர்தி தாங்கிக் கப்பல்கள் வந்து நின்றன. அவற்றினின்று எழுந்த குண்டுவீச்சு வானூர்திகளுக்குத் தலைமை தாங்கியவர் மிட்சுவோ புச்சிடா. அவரது படைவாழ்வு, புறத்திணை பயின்ற தமிழர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

புச்சிடா 1902இல் நாரா மாவட்டத்தில் பிறந்தார். 1921இல் எட்டாசிமா கடற்படைக் கல்லூரியில் சேர்ந்து 1924இல் தேறினார். வானூர்தியிலிருந்து குறி தவறாது குண்டு வீசும் கலையில் வல்லவரானார். 1941 திசம்பர் 7ஆம் நாள் அமெரிக்கரின் பேர்ல் துறைமுகத்தை நோக்கி எழுந்த முதல் அணியின் 183 வானூர்திகளுக்கும் அவரே தலைவர். ஊர்தியைச் செலுத்தியவர் வேறொருவர்; புச்சிடா நடு இருக்கையில் அமர்ந்து கட்டளையிட்டார். எதிர்பாராத் தாக்குதல் வெற்றி பெற்றது என்பதற்கு அடையாளமாக அவர் அனுப்பிய குறிச்சொல் "தோரா". புலி என்பது அதன் பொருள். அன்று மாண்ட அமெரிக்கர் 2,403 பேர்.

1942 பிப்ரவரி 19இல் ஆத்திரேலியாவின் தார்வின் நகரம் அவர் அணிக்கு இலக்காயிற்று. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு. ஏப்ரல் 9இல் தமிழர் வாழும் திருகோணமலை. சீனக்குடாவின் எண்ணெய்க் கிடங்குகள் எரிந்தன. மட்டக்களப்பிற்கு அப்பால் 'எர்மீசு' என்னும் ஆங்கிலேயக் கப்பல் முந்நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களுடன் மூழ்கியது. அந்த நாள்களில் சென்னையில் அச்சம் பரவியது. மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊரை விட்டு வெளியேறினர். அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன.

பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில் போருக்கு ஓர் அறம் காட்டுகிறார். ஆக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியுற்றோரும் புதல்வரைப் பெறாதோரும் பாதுகாவலான இடம் சேருமாறு முன்னறிவித்து, அதன் பின்னரே அம்பு தொடுப்பது அவ்வறம். எல்லா வேந்தரும் அவ்வாறு நடந்தனர் என்று வரலாறு சொல்லாது. ஆயினும் பாட்டு அதனைப் போற்றியது. பிணியாளரின் முகம் தெரிந்தால்தான் அவரை விலகச் சொல்ல முடியும். பல்லாயிரம் அடி உயரத்தில் முகம் இல்லை. இலக்கு மட்டுமே உண்டு. வானூர்திப் போர் முதலில் கொன்றது இந்த முன்னறிவிப்பையே.

இனி, இறங்குமுகம். 1942 சூன் திங்களில் மிட்வே கடற்போர். குடல்வால் அறுவையுற்றிருந்த புச்சிடாவால் பறக்க இயலவில்லை. எரியும் 'அகாகி' கப்பலினின்று தப்பும்போது அவர் கால் எலும்புகள் முறிந்தன. அதன் பின் அவர் பெரிதும் திட்டமிடும் அலுவலராகவே பணியாற்றினார். 1945 ஆகத்து 6இல் இரோசிமாவின் மீது அணுகுண்டு விழுந்தது. அதற்கு முதல் நாள்வரை அந்நகரில் இருந்ததாகவும், மறுநாள் ஆய்வுக் குழுவுடன் திரும்பிச் சென்றதாகவும் அவர் கூறியுள்ளார். மேலிருந்தே நகரங்களை நோக்கியவர், குண்டு விழுந்த நகரை அதன் தெருவில் நின்று கண்டார்.

போருக்குப் பின் உழவரானார். தோக்கியோவின் சிபுயா தொடர்வண்டி நிலையத்தில் ஒரு துண்டு வெளியீடு அவர் கைக்கு வந்தது. அதனை எழுதியவர் சேக்கப் திசேசர் என்னும் அமெரிக்கர். திருகோணமலைத் தாக்குதலுக்கு ஒன்பது நாள் கழித்துச் சப்பானின் நகோயா நகர்மீது குண்டு வீசியவர். அவர் சிறைப்பட்டு, நாற்பது திங்கள் துன்புற்று, பகையை விட்டொழித்துச் சமயத் தொண்டராகச் சப்பானுக்கே மீண்டவர். தம் நாட்டின்மேல் குண்டு வீசியவரின் சொல்லைப் படித்த புச்சிடா கிறித்தவ நெறி தழுவினார். 1950இல் அவரை நேரிலும் கண்டார். 1976 மே 30இல் மறையும்வரை சமய உரை ஆற்றி வந்தார்.

அவர் எழுதிய போர்க்குறிப்புகள் சிலவற்றைப் பிற்கால ஆய்வாளர் மறுத்துள்ளனர். எனவே அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. அவரது மாற்றம் திருகோணமலையில் மாண்டவரை எழுப்பவும் இல்லை. ஆயினும் ஓர் உண்மை எஞ்சுகிறது. அவரை மாற்றியது மற்றொரு குண்டு அன்று. பகைவன் ஒருவன் தன் துயரைத் தன் பெயரிட்டு எழுதிய சில பக்கங்கள்.

பாவலர்களே! வெற்றியாளரின் பெயரை வரலாற்று நூல்கள் காத்துக்கொள்ளும். துறைமுகத்தில் மூட்டை சுமந்து மாண்ட கூலியாளின் முகத்தைக் காப்பது யார்? உயரத்தில் தெரியாத முகத்தை அருகிருந்து காட்டுவது பாட்டின் கடமை. பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டம் அக்கடமையை ஏற்று வளர்க!