கடுகண்ணாவையில் ஒரு சந்திப்பு



கார் வந்தது, இனி ரயிலின் காலம் முடிந்தது என்று ஒரு தலைமுறை பேசிற்று. அன்று புதுமையாக இருந்த கார்களுக்கும் இன்று வயதாகிவிட்டது. பழைய கார்களைப் பேணும் சங்கத்தினர் சிலர், தமது ஒஸ்டின், மொரிஸ் மைனர் கார்களில் கடுகண்ணாவைப் புகையிரத நூதனசாலைக்குப் போனபோது நானும் கூடச் சென்றேன்.

இருவகை வண்டிகளும் சந்திக்க ஏற்ற இடம் அது. தேசாதிபதி பார்ன்ஸ் காலத்தில், கப்டன் டோசனின் மேற்பார்வையில், கண்டி வீதி இந்த மலையில் ஏறியது. 1829இல் இறந்த டோசனின் நினைவாக 1832இல் எழுந்த கோபுரம் அங்கே உண்டு. அதே 1832இல் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே குதிரைகள் இழுத்த தபால் கோச் ஓடத் தொடங்கிற்று. முதல் ரயில் 1864 டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்குப் போயிற்று; 1867இல் பாதை கண்டியை எட்டியது. முதல் ஓட்டத்தின் 150ஆவது ஆண்டு நிறைவன்று, 2014 டிசம்பர் 27இல், இந்த நூதனசாலை திறக்கப்பட்டது.

நம் முதியோர் ரயிலைக் 'கோச்சி' என்பார்கள். சிங்களத்திலும் 'கோச்சிய' என்றே வழங்குகிறது. கோச் என்பது முன்பு குதிரை வண்டியின் பெயர். வீதியில் ஓடியதன் பெயரைத் தண்டவாளத்தில் ஓடியதற்கும் வைத்துவிட்டார்கள் மக்கள்.

வந்த நண்பர்கள் அறிவிப்புப் பலகைகளை அதிகம் வாசிக்கவில்லை. எஞ்சின்களின் அடியில் குனிந்து சில்லுகளையும் தண்டுகளையும் பார்த்தார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான்: "இது ஓடுமா?"

அதைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. வழியில் ரேடியேட்டர் கொதிக்க, நிறுத்தித் தண்ணீர் ஊற்றியாவது, தங்கள் கார்களை ஓட்டியே ஏற்றம் ஏறி வந்தவர்கள். 1960களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபின், இந்நாட்டில் பழைய கார் பெருமைக்குரிய பொருளாக அல்ல, வேறு வழியின்றியே பிழைத்தது. கிடைக்காத உதிரிப்பாகத்தைக் கராஜ்காரர் அராவிச் செய்தார். பின்னாளில் மொரிஸ் மைனரின் தகட்டுப் பாகங்கள் இங்கே செய்யப்பட்டு, அதன் தாயகமான இங்கிலாந்துக்கே போயின.

நீராவி எஞ்சினின் கதையும் கைப்பழக்கத்தின் கதைதான். ரம்புக்கனைக்கு அப்பால் 45 அடிக்கு 1 அடி உயரும் பாதையில், எப்போது கரி போடுவது, கொதிகலனில் எவ்வளவு நீர் வைப்பது என்பது நெருப்பின் முன் நின்றவனுக்குக் கண்ணாலும் காதாலும் தெரிந்தது. 1954இல் கனடிய டீசல் எஞ்சின்கள் வந்தன. அந்த அறிவின் தேவை படிப்படியாகக் குறைந்தது. எஞ்சினுக்கு வர்ணம் பூசி நிறுத்தி வைக்கலாம். ஓட்டிய கையின் அறிவைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க முடியாது.

டோசனுக்குக் கோபுரம் உண்டு. இராஜகாரியக் கட்டாய உழைப்பில் வீதி வெட்டியவர்களுக்கும், ரயில்பாதைக்கு மண் சுமந்த தென்னிந்தியத் தொழிலாளருக்கும் அப்படியொரு கோபுரம் இல்லை. நம் கதைகளில் ரயில் நிலையப் பிரிவுகள் நிறைய வருகின்றன. கரி அள்ளிப் போட்டவன் அரிதாகவே வருகிறான்.

நீராவி எஞ்சினில் வேலை செய்தவர்களும், பழைய கராஜ்காரர்களும் இன்று தள்ளாத வயதினர். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், அவரருகே அமர்ந்து கேளுங்கள். அவர் சொல்லும் தொழிற் சொற்களைத் திருத்தாமல், அப்படியே எழுதி வையுங்கள். நாளை ஒருவன் அந்த எஞ்சினை மீண்டும் ஓட்ட நினைத்தால், அவனுக்கு அந்தக் குறிப்பு வேண்டியிருக்கும்.