முதற்பிடி யாருக்கு?



கோலார் தங்கவயலைச் சேர்ந்த சாம்பியன் ரீப்ஸின் பெயரைத் தமிழர் பலர் கேள்வியுற்றிருக்கலாம். 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனத்தார் அவ்வயலில் தொழிலைத் தொடங்கிய பின்னர், வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைப்பை நாடி அங்கே குடியேறின. உங்களைப் போலவே அவர்களும் சொந்த மண்ணை விட்டு வந்தவர்கள்.

சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் வரை சென்றது. பாறையின் வெப்பத்திலும், அது வெடித்துச் சரியுமோ என்ற அச்சத்திலும் அவர்கள் பொன்னைத் தோண்டினர். அப்பொன்னோ அவர்களுடையது அன்று. ஆகவே, பொன்னாசை என்னும் விக்கிரகம் அவர்களை ஆண்டது என்று எவரும் எளிதில் கூறிவிட இயலாது.

ஆனால் விக்கிரகம் ஆசையினால் மட்டுமா பிறக்கிறது? யாத்திராகமத்தை நினைவுகூருங்கள். மலைமேல் ஏறிய மோசே திரும்பிவரத் தாமதித்தார். மக்கள் அஞ்சினர். கண்ணுக்குத் தெரியும் காவல் ஒன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஆரோன் அவர்களுடைய பொற்கடுக்கன்களை வாங்கிக் கன்றுக்குட்டியை வார்த்தான். அதனை உருவாக்கியது அச்சமே.

தங்கவயலில் குடியிருப்பு, மின்விளக்கு, மருத்துவமனை, கூலி யாவும் சுரங்கத்தையே சார்ந்திருந்தன. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அது மூடப்பட்டது. இத்துயரைப் பாவத்திற்குக் கிடைத்த தண்டனை என்று கூறுவது கொடுமை. உழைத்தவர்கள் மீது பழி சுமத்துவது அறமன்று. நான் கூற விரும்புவது ஒன்றே: ஓர் ஆணையினால் மூடப்படக்கூடியது எதுவோ, அது நமக்குக் கடவுளாக இருத்தல் இயலாது.

இன்றும் அவ்வூர் மக்களில் பலர் பொழுது புலருமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். மும்பையிலும் தில்லியிலும் வாழும் நம் நிலையும் அதுவே. உத்தியோகம், சொந்த வீடு, பிள்ளைகளின் மதிப்பெண் ஆகியவை நல்லவையே. ஆயினும் எதனைக் காக்க நாம் பொய் சொல்லத் துணிகிறோம்? எதனை இழப்போம் என்றஞ்சி அயலானின் துன்பத்தைக் காணாதவர்போல் கடந்து செல்கிறோம்? அங்கேதான் நம் பொற்கன்று நிற்கிறது. பேராசையும் விக்கிரக ஆராதனையே என்று பவுல் எழுதியதன் பொருள் இதுவே. பிறர் வணங்கும் உருவங்களைக் குறித்து நான் பேசவில்லை. நம் நெஞ்சில் நாமே வார்த்தவற்றைக் குறித்தே பேசுகிறேன்.

கடவுளுக்கு முதலிடம் தருதல் என்பது வேலையைத் துறப்பதன்று. வனாந்தரத்தில் பொழிந்த மன்னாவையும் மக்கள் குனிந்துதான் பொறுக்கினர். ஆனால் நாளைக்கென்று அவர்கள் பதுக்கி வைத்தது புழுத்துப்போயிற்று.

நம் தாய்மார்களிடம் ஓர் அரிய வழக்கம் உண்டு. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துக் காணிக்கைக்கென வேறாக வைப்பர். உண்டது போக எஞ்சியதிலிருந்து அவர்கள் எடுப்பதில்லை, முதலிலேயே எடுத்துவிடுவர். பானையில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் அந்தக் கை தயங்கியதில்லை. நம் சம்பளத்திலும், நேரத்திலும், நேர்மையிலும் அந்த முதற்பிடி யாருக்குச் செல்கிறது? இன்றிரவு விளக்கணைக்குமுன் இவ்வினாவை ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்வோமாக.