இயற்கை ஆர்வலர் கழகங்களும் எளிய மாணவர்களும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பறவை பார்ப்போரைப் பற்றியும் ஆமை காப்போரைப் பற்றியும் இலக்கிய மேடையில் என்ன பேச்சு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். விலங்கையும் மரத்தையும் பறவையையும் கருப்பொருள் என்று வகுத்து, அவற்றின் மேல் மனித உணர்வை நிறுத்தியது நம் மரபு. கருப்பொருள் பிழைபட்டால் உரிப்பொருள் நிற்க இடமில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் மலர்களை வரிசையாக அடுக்கியது சொல்வளம் காட்டுவதற்காக மட்டும் அன்று. கண்டு அறிந்தவரின் பெருமிதமும் அதில் உண்டு. இன்று நம் கவிதைகளில் பறவை வருகிறது. எந்தப் பறவை என்று கேட்டால் விடை வருவதில்லை. பெயர் அறிந்தவர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள். அவர்கள் யார், அந்த அறிவு யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்காமல் போகிறது என்பதே என் பேச்சின் பொருள்.

இயற்கை ஆர்வலர் கழகம் என்னும் அமைப்பு 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியத் தீவில் வேரூன்றியது. 1831இல் தோன்றிய பெர்விக்‌ஷயர் கழகம் அவ்வகையில் முன்னோடி. ஆயினும் என் நெஞ்சைத் தொட்டவர்கள் அக்கனவான்கள் அல்லர். மான்செஸ்டர் நகரைச் சூழ்ந்திருந்த சிற்றூர்களின் கைத்தறி நெசவாளர்களே. அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மதுக்கடைகளில் கூடித் தாவரவியல் பயின்றார்கள். கூடுவதற்கு வேறு இடம் அவர்களுக்கு இல்லை. கொண்டுவந்த செடிகள் மேசைமேல் குவிக்கப்படும். தலைவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரைச் சொல்லச் சுற்றி இருப்போர் கேட்டு மனத்தில் பதிப்பார்கள். மாதந்தோறும் ஒவ்வொருவரும் சில பென்னிகள் கொடுப்பார்கள். அதில் ஒரு பகுதி மதுவுக்கு, மறு பகுதி நூல் வாங்குவதற்கு. தனி ஒருவரால் வாங்க இயலாத நூல் இவ்வாறு எல்லாருக்கும் பொதுவானது. அவர்களுள் ஒருவர் ஜான் ஹார்ஸ்ஃபீல்டு (1792-1854). லின்னேயஸ் வகுத்த 24 தாவர வகுப்புகளையும் தாளில் எழுதித் தறியில் பொருத்தி வைத்து, நெய்துகொண்டே மனப்பாடம் செய்தவர் அவர். பின்னாளில் அச்சங்கங்களுக்குத் தலைமை ஏற்றார். அவர் வளர்த்த ஒரு நார்சிசஸ் மலர் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மாணவர் உதவித்தொகை என்று இன்று நாம் சொல்வதன் மூலவடிவம் அந்தச் சில பென்னிகளே என்பது என் துணிபு. அது மேலிருந்து கீழே இறங்கிய ஈகை அன்று. அறிவின் விலையைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட ஏற்பாடு.

நம் நாட்டுக்கு வருவோம். 1883இல் பம்பாயில் எட்டுப் பேர் கூடித் தொடங்கியது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். சாலிம் அலி சிறுவராக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியை வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன குருவி என்று கேட்க, மாமாவின் அறிமுகத்தோடு அக்கழகத்துக்குச் சென்றார். செயலாளர் மில்லார்டு அச்சிறுவனைத் திருப்பி அனுப்பவில்லை. பறவையின் பெயரைச் சொன்னார், பாடம் செய்த பறவைகள் அடுக்கிய இழுப்பறைகளைத் திறந்து காட்டினார், படிக்க நூல் கொடுத்தார். 1987இல் மறையும்வரை இந்தியப் பறவையியலின் முதல் பெயராக நின்ற ஒருவரின் வாழ்வு அந்த இழுப்பறைகளில் தொடங்கியது. சமூகத் தொண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது: தெரிந்தவர் ஒருவர், தெரிய விரும்பும் ஒரு பிள்ளைக்கு அரைநாள் ஒதுக்குவது. ஆனால் அறிமுகம் செய்துவைக்க ஒரு மாமா இருந்தார் என்பதையும் நாம் மறக்கலாகாது. அப்படி ஒருவர் இல்லாத பிள்ளைகளுக்காகத்தான் கழகங்கள் தாமாகவே கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது.

தமிழகத்தில் சென்னை இயற்கையியலாளர் சங்கம் 1978இல் தோன்றியது. கூட்டங்கள், வெளிப்பயணங்கள், 'பிளாக்பக்' என்னும் இதழ் என்று அதன் பணி நடந்து வருகிறது. சென்னைக் கடற்கரையில் ஆமைகளைத் தேடி இரவில் நடக்கும் வழக்கம் 1970களில் தொடங்கியது. 1988இல் மாணவர்களே முன்வந்து கடலாமைப் பாதுகாப்புக்கென ஓர் அமைப்பைத் தோற்றுவித்தார்கள். ஆண்டுதோறும் தை முதல் பங்குனி வரை நீலாங்கரை, பெசன்ட் நகர்க் கரைகளில் அவர்கள் நள்ளிரவில் நடக்கிறார்கள். ஆமை ஒரு குழியில் இடும் நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை நாயும் மனிதரும் எடுத்துச் செல்லாதவாறு பொரிப்பகத்தில் மீண்டும் புதைக்கிறார்கள். ஏறத்தாழ 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. மணலின் வெப்பமே அவை ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது. கடலின் மேல் தெரியும் ஒளியை நோக்கிச் செல்லும் இயல்புடைய குஞ்சுகளைக் கரையின் மின்விளக்குகள் ஊருக்குள் இழுத்துவிடுகின்றன. ஆகவே மாணவர்கள் அவற்றைக் கையால் எடுத்து நீரோரம் விடுகிறார்கள். இந்த நடையில் கலந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை. விடியும்வரை நடக்கும் கால்கள் போதும்.

அந்த ஆமைக்கு அறிவியல் நூல்கள் தரும் பெயர் ஆலிவ் ரிட்லி. நம் மீனவர் இட்ட பெயரோ பங்குனி ஆமை. கவிஞர்களே, இப்பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். எந்தத் திங்களில் அது கரையேறும் என்னும் செய்தி அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகமும் தோன்றுமுன் கரையில் நின்று கண்டவர்கள் சேர்த்த அறிவு அது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதே கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவை வலையில் சிக்கி, மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் அவை மாள்கின்றன. அப்போது மீனவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிப் பேசியவர்கள் உண்டு. விசைப்படகுக்கும் கட்டுமரத்துக்கும் வேறுபாடு அறியாதவர் பேச்சு அது. ஆமைக்குப் பெயரிட்டவரின் பேரப்பிள்ளையைக் கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார வைத்து, ஆமையைப் பற்றி அவனுக்கே பாடம் நடத்தும் கழகம் தொண்டு செய்யவில்லை. தன் அறியாமையைப் பறைசாற்றுகிறது.

இதற்கு மாறான சான்றுகளும் நம்மிடம் உண்டு. வேடந்தாங்கல் மக்கள் ஏரிப் பறவைகளைக் காத்தது எந்தக் கழகமும் சொல்லி அன்று. பறவையின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்பதைக் கண்டறிந்து அவர்கள் தாமே காத்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவர்களது உரிமையை அன்றைய ஆங்கிலேய ஆட்சியர் எழுத்தில் ஏற்றுக்கொண்டார். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் வேட்டங்குடிப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தங்கள் பிள்ளைகளின் பண்டிகை மகிழ்ச்சியில் ஒரு பங்கைப் பறவைக்கு விட்டுக்கொடுத்த ஊர் அது.

1978இல் இருளர் மக்களைக் கொண்டு பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைக்கப்பட்டதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. தோலுக்காகப் பாம்பைக் கொல்லும் வணிகம் தடைப்பட்டபின் அவர்களின் பழைய திறன் நஞ்சு எடுக்கும் தொழிலாயிற்று. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்துவிட்டுப் பாம்பை மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்து முறிமருந்து உருவாகிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரு இருளர் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள். அறிந்தவரை அறிந்தவராகவே மதித்து, அந்த அறிவுக்கு ஊதியமும் தந்தால் என்ன விளையும் என்பதற்கு இது சான்று.

இனி உதவித்தொகைக்கு வருகிறேன். இயற்கையைப் பார்க்கக் காசு எதற்கு என்று கேட்பார்கள். வானம் இலவசம்தான்; வானத்தைப் பார்க்கப் போகும் பேருந்து இலவசம் அன்று. பைனாகுலர் இலவசம் அன்று. விடுமுறை நாளில் கூலி வேலைக்குப் போகும் பிள்ளை ஒரு நாள் ஏரிக்கரைக்கு வந்தால், அந்த நாளின் கூலி வீட்டுக்கு வராது. வெளிப்பயணத்துக்கு வராத மாணவனை ஆர்வம் இல்லாதவன் என்று குறித்துக்கொள்கிறோம். அவனிடம் இல்லாதது ஆர்வம் அன்று. திரும்பி வரும் பேருந்துக் கட்டணம்.

ஆகவே உதவித்தொகை எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சில உறுதியான கருத்துகள் உண்டு. செலவான பின் ரசீது காட்டிப் பெறுவதாக அது இருக்கலாகாது. முன்பணம் இல்லாதவனுக்குத்தானே அது தேவை? மேடையில் ஏற்றிப் பெரிய காசோலை அட்டையைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கலாகாது. வறுமையைக் காட்சிப்பொருள் ஆக்கிப் பெறும் உதவி பிள்ளையின் நிமிர்ந்த தலையைக் குனியச் செய்யும். தேர்வு மதிப்பெண் அளவுகோல் ஆகலாகாது. குளத்தில் எத்தனை முக்குளிப்பான்கள் என்று எண்ணத் தெரிந்தவன் கணக்குத் தேர்வில் பின்தங்கியிருக்கலாம். ஒரே முறை கொடுத்து மறப்பதைவிட, சிறு தொகையானாலும் மூன்று நான்கு ஆண்டுகள் தொடர்வது நன்று. மாணவனிடம் கைம்மாறாகக் கேட்கவேண்டியது ஒன்றே: நாள், இடம், கண்டது, எண்ணிக்கை ஆகியவற்றைத் தமிழில் எழுதிய ஒரு குறிப்பேடு.

இக்குறிப்பேட்டில்தான் நமக்கும் அவர்களுக்கும் உறவு பிறக்கிறது. மா. கிருஷ்ணனை நினைத்துப் பாருங்கள். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன் அவர். 1950 முதல் 1996இல் மறையும்வரை, 46 ஆண்டுகள், ஒரே நாளேட்டில் இயற்கையைப் பற்றிய பத்தியை விடாமல் எழுதினார். பெரும்பகுதியை ஆங்கிலத்தில் எழுதிய அவர், தமிழிலும் எழுதினார். தமிழ்ப் பேராசிரியர் க. ரத்னம் பறவைகளுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களைத் தேடித் தொகுத்தார். சு. தியடோர் பாஸ்கரன் காட்டுயிர் பற்றித் தமிழில் எழுதுவதற்கென ஒரு நடையையே உருவாக்கினார். இவர்களுக்குப் பின் யார்? 2015 முதல் பொங்கல் நாள்களில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது; 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணினாலே போதும், அதில் பங்கு பெறலாம். எண்ணும் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். எழுதும் பிள்ளைகளாக அவர்களை ஆக்குவது அறிவியலாரால் மட்டும் ஆகாது. அதற்கு நாம் வேண்டும்.

அன்பர்களே, பாராட்டுரையோடு நின்றுவிடாமல் ஒரு வேண்டுகோளையும் உங்கள்முன் வைக்கிறேன். இவ்விழாவின் செலவு போக எஞ்சும் தொகை எவ்வளவாயினும் அதைப் பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் ஒதுக்காமல், இவ்வூரைச் சுற்றியுள்ள பள்ளிகளில் பயிலும் இரண்டு மாணவர்களுக்குக் களப்பயணச் செலவாக ஒதுக்குவோம். ஒருவர் மீனவர் குப்பத்திலிருந்தும் ஒருவர் ஏரிக்கரைச் சிற்றூரிலிருந்தும் வரட்டும். அவர்களுடைய தாத்தா பாட்டிகளிடம் உள்ள பெயர்களை அவர்கள் எழுதி வரட்டும். சொன்ன பெரியவர்களுக்கும் அவர்கள் செலவிட்ட நாளுக்கான மதிப்பூதியம் கொடுப்போம். ஆண்டில் ஒரு கூட்டத்தையேனும் இம்மண்டபத்தை விட்டுக் கரையிலோ கண்மாய் மேட்டிலோ நடத்துவோம். அன்று நாம் பேச வேண்டாம். அந்த இருவரும் பேசட்டும், நாம் கேட்போம்.

இதனால் நம் கவிதை உடனே சிறந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு நம்முள் ஒருவர் ஒரு பறவையைப் பாடும்போது, அது அப்படிக் கத்தாது என்று எழுந்து சொல்ல ஒரு பதினாறு வயதுப் பிள்ளை இச்சபையில் இருக்கும். அந்தப் பிள்ளைக்கு இருக்கை போடுவது நம் கடமை.