காற்றும் வெளிச்சமும் வீட்டுக்குள் வரட்டும்

(வசிப்போருக்கான சுகாதாரக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

வேலை முடிந்து நேராக இங்கு வந்திருக்கிறீர்கள். சிலர் பிள்ளைகளையும் அழைத்து வந்திருக்கிறீர்கள். மிக்க நன்றி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை, மொழிபெயர்ப்பாளர். பல்கலைக்கழகத்தில் மொழிகள் படித்தேன். நீங்கள் மருந்தகத்தில் எடுத்துப் பார்க்கும் துண்டுப்பிரசுரங்கள் போன்றவற்றைத் தமிழில் எழுதுவது என் வேலைகளில் ஒன்று. ‘அறையில் நல்ல காற்றோட்டம் இருப்பதை உறுதிசெய்யுங்கள்’ என்ற வரியை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்த வரியை எழுதிய நாள்களில் என் வீட்டுச் சன்னல்கள் பெரும்பாலும் மூடியே இருந்தன. அதனால் என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் வீட்டில் நடந்தது

அம்மா காலமான பிறகு அப்பா எங்களோடு வந்து தங்கினார். அப்போது அவருக்கு 72 வயது. சாலையைப் பார்த்த அறையை அவருக்குக் கொடுத்தோம். பேருந்துச் சத்தம், தூசி என்று சன்னலை மூடினோம். மதியம் அவர் கண்ணயர வேண்டும் என்று கனமான திரைச்சீலை மாட்டினோம். இரவில் குளிர்சாதனம் ஓடும். அப்போது ஆறு வயதான என் மகனுக்குத் தாத்தாதான் எல்லாம். வீட்டுப்பாடம் செய்வதும் கதை கேட்பதும் தூங்குவதும் அந்த அறையில்தான்.

அப்பா இருமத் தொடங்கினார். “பழைய சிகரெட் இருமல்மா, விடு” என்றார். நாங்களும் விட்டுவிட்டோம். இரண்டு மாதம் போனது. சட்டை தொளதொளக்க ஆரம்பித்த பிறகுதான் அவரைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போனேன். ஊடுகதிர்ப் படம் எடுத்தார்கள், சளியைச் சோதித்தார்கள். காசநோய்.

தாதி ஒருவர் எங்களிடம் பல கேள்விகள் கேட்டார். யார் யார் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள், யார் அவரோடு அதிக நேரம் இருப்பார்கள் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, “அவர் படுக்கும் அறையில் சன்னல் திறந்திருக்குமா?” என்றார். பதில் தெரிந்தும் எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் எல்லாரையும் சோதித்தார்கள். என் மகனின் உடலில் கிருமி இருந்தது, ஆனால் நோயாக மாறவில்லை. அது நோயாக மாறாமலிருக்க அவன் பல மாதம் மருந்து சாப்பிட்டான். அப்பா ஆறு மாதம் மருந்தகத்துக்குப் போய், தாதியின் கண்முன்னே மாத்திரைகளை விழுங்கினார். இன்று இருவரும் நலமாக இருக்கிறார்கள்.

சன்னல் திறந்திருந்தால் என் மகனுக்குத் தொற்றியே இருக்காது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மூடிய அந்த அறை கிருமிக்குத்தான் வசதி செய்து கொடுத்தது. அது எனக்குத் தெரியும்.

காற்று என்ன செய்கிறது?

காசநோய் காற்றின் வழியே பரவும் நோய். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கை குலுக்குவதாலோ பரவுவதில்லை. நுரையீரலில் காசநோய் உள்ளவர் இருமும்போதும் பேசும்போதும் மிக நுண்ணிய துளிகள் வெளிவருகின்றன. அவை உடனே தரையில் விழுவதில்லை. மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதந்துகொண்டே இருக்கும். வெளிக்காற்று வந்து போகும் அறையில் அவை கலைந்து, நீர்த்து, வெளியேறிவிடும். ஒரு குவளைத் தண்ணீரில் விழுந்த மைத்துளிக்கும் ஓடும் ஆற்றில் விழுந்த மைத்துளிக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. கொவிட்-19, சளிக்காய்ச்சல் போன்றவற்றுக்கும் இது பொருந்தும்.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. நம் வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் குளிர்சாதனங்களில் பெரும்பாலானவை வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. அறையில் இருக்கும் அதே காற்றை இழுத்து, குளிரவைத்து, மறுபடி அறைக்குள்ளேயே விடுகின்றன. காற்று குளிர்ந்திருக்கும், ஆனால் புதிதாக இருக்காது.

இதை அளந்தும் பார்க்கலாம். வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு இருக்கிறது. இருவர் கதவையும் சன்னலையும் மூடிக்கொண்டு தூங்கும் சிறிய அறையில் அது விடிவதற்குள் 1,000ஐத் தாண்டும், 2,000ஐயும் தாண்டலாம். அந்த அளவு நமக்கு விஷமல்ல. ஆனால் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் எவ்வளவு இழுக்கிறார் என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. காலையில் எழும்போது தலை கனப்பது போல் சிலருக்குத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கிருமி மட்டுமல்ல. நம் சமையலில் மிளகாய் தாளிக்கிறோம், பூசை அறையில் ஊதுபத்தியும் சாம்பிராணியும் ஏற்றுகிறோம். அந்தப் புகையில் உள்ள நுண்துகள்கள் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாதவை. புகை மணக்கிறது என்பதற்காக அது நுரையீரலுக்கு நல்லது என்று ஆகிவிடாது. ஊதுபத்தி ஏற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏற்றும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். நம் ஊரின் ஈரப்பதத்தில், காற்றுப் போகாத குளியலறையிலும் அலமாரிக்குப் பின்னாலும் பூஞ்சை பிடிப்பதும் இதே கதைதான்.

இது புதிய செய்தி இல்லை

நூறு ஆண்டுக்கு முன்பே இந்த ஊர் இதைக் கற்றுக்கொண்டது, அதுவும் கடினமான வழியில். அன்று நகரின் கடைவீடுகள் ஒன்றோடொன்று முதுகை ஒட்டி நின்றன. உள்ளே பலகைகளால் தடுத்த சிறு அறைகள். பல அறைகளில் சன்னலே கிடையாது. ஒரு குடும்பம் முழுவதும் அப்படி ஓர் அறையில் வாழ்ந்தது. காசநோய் ஏராளமானவர்களைக் கொன்றது. 1906ல் பேராசிரியர் சிம்ப்சன் என்பவர் அழைத்துவரப்பட்டு, சிங்கப்பூரின் சுகாதார நிலையை ஆராய்ந்து, மறு ஆண்டு அறிக்கை கொடுத்தார். முதுகு ஒட்டிய வீடுகளுக்கு நடுவே பின்சந்துகளை வெட்டி வெளிச்சமும் காற்றும் உள்ளே போக வழிசெய்ய வேண்டும் என்பது அவருடைய முக்கியப் பரிந்துரைகளில் ஒன்று. பழைய கடைவீட்டு வட்டாரங்களில் இன்று நாம் குறுக்கு வழியாக நடக்கும் பின்சந்துகளுக்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு உண்டு.

பிறகு 1960ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வந்தது. நாம் வாழும் வீவக புளோக்குகளில் பல, காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறவும், மேற்கு வெயில் நேராக அடிக்காமல் இருக்கவும் பார்த்துக் கட்டப்பட்டவை. அவ்வளவு யோசித்துக் கட்டிய வீட்டில் நாம் சன்னலை மூடி, திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இன்றைய எடுத்துக்காட்டு ஒன்றும் சொல்கிறேன். 2010ல் யீஷூனில் திறக்கப்பட்ட கூ டெக் புவாட் மருத்துவமனையில், குளிர்சாதனம் இல்லாத பொது வார்டுகளுக்குக் காற்றைத் திருப்பிவிடும் வகையில் கட்டடத்தின் வெளிச்சுவரை அமைத்தார்கள். எங்கு பார்த்தாலும் செடிகள், பக்கத்தில் யீஷூன் குளம். உறவினரைப் பார்க்கப் போனால் நின்று கவனியுங்கள்.

வெளிச்சம் என்ன செய்கிறது?

நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. எப்போது விழிக்க வேண்டும், எப்போது தூக்கம் வர வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டறிந்த மூவருக்கு 2017ல் மருத்துவ நோபெல் பரிசு கிடைத்தது. தினமும் அதற்குச் சரியான நேரத்தைக் காட்டிக்கொடுப்பது கண்ணில் படும் வெளிச்சம். காலை வெளிச்சம் படாமல் நாள் முழுவதும் இருட்டறையில் இருந்துவிட்டு, இரவில் தொலைபேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் கடிகாரம் குழம்புகிறது. ‘ராத்திரி தூக்கமே வரவில்லை’ என்று சொல்லும் மூத்தோர், பகலில் எவ்வளவு நேரம் வெளிச்சத்தில் இருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். என் அப்பாவுக்கு நாங்கள் மாட்டிய கனத்த திரைச்சீலை அவருக்கு நல்லதைவிடக் கெடுதலையே செய்திருக்க வேண்டும்.

வெளிச்சத்தின் அளவு பற்றி நம் கண் நம்மை ஏமாற்றும். விளக்குப் போட்ட வீட்டு அறையில் வெளிச்சம் சில நூறு லக்ஸ் இருக்கும். அதே நேரத்தில் புளோக்குக்குக் கீழே திறந்தவெளியில் 10,000 லக்ஸுக்கு மேல் இருக்கும். பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம். வெளியில் அதிக நேரம் செலவிடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நாளுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வெளியில் இருப்பது நல்லது. ஒரே மூச்சில் இருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கு நடந்து போவதும் மாலையில் விளையாடுவதும் கணக்கில் சேரும்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே திருத்த வேண்டும். மூடிய சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் உட்கார்ந்தால் வைட்டமின் ‘டி’ கிடைக்காது. அதற்குத் தேவையான கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். கிருமியைக் கொல்லும் வேலையையும் அந்த வெயில் முழுமையாகச் செய்யாது. மெத்தை, தலையணைகளை வெயிலில் காயப்போட்டால் ஈரம் போகும். ஆனால் வெயிலை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது.

எப்போது மூட வேண்டும்?

எல்லா நேரமும் திறந்தே வைக்க வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

புகைமூட்டம் வந்தால் மூடுங்கள். 2013 ஜூனில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது பலருக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாள்களில் குறியீட்டைப் பார்த்து முடிவெடுங்கள். காற்றின் தரம் தேறியதும் திறந்துவிடுங்கள்.

டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். சன்னலுக்கு வலை பொருத்துங்கள். அதைவிட முக்கியம், வீட்டில் எங்கும் தண்ணீர் தேங்காமல் பாருங்கள்.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் கம்பித் தடுப்பு இல்லாமல் சன்னலைத் திறந்து வைக்காதீர்கள். சன்னல் அருகே நாற்காலி, கட்டில் வேண்டாம். வெளிப்புறம் திறக்கும் அலுமினியச் சன்னல்களில் துருப்பிடிக்காத எஃகு ஆணிகள் இருக்க வேண்டும். இறுக்கம் தளர்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

ஒரு சன்னலை மட்டும் திறந்தால் காற்று தயங்கி நிற்கும். அது வெளியேறவும் வழி வேண்டும். எதிர்ப்புறச் சன்னலையோ அறைக் கதவையோ சேர்த்துத் திறங்கள். காற்றே இல்லாத நாளில் மின்விசிறியைச் சன்னலைப் பார்த்து வைத்தால் உள்காற்றை வெளியே தள்ளும்.

இரவில் குளிர்சாதனம் தேவைப்பட்டால் போடுங்கள். படுப்பதற்கு முன்பும் எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் அறையைத் திறந்து விடுங்கள். யாருக்காவது இருமலோ காய்ச்சலோ இருந்தால், அந்த நாள்களில் குளிர்சாதனத்தைவிட மின்விசிறியும் திறந்த சன்னலும் மேல்.

பிள்ளையின் படிப்பு மேசையைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் போடுங்கள். நேர் எதிரே போட்டால் கண் கூசும். மூத்தோர் காலைக் காப்பியைச் சன்னலோரத்தில் குடிக்கட்டும். முடிந்தால் கீழே இறங்கி நடக்கட்டும்.

உங்கள் வீட்டில் இல்லப் பணிப்பெண் இருந்தால், அவர் தூங்கும் இடத்தையும் பாருங்கள். சன்னல் இல்லாத சேமிப்பு அறையில் படுப்பவரும் மூச்சு விடும் மனிதர்தான். போதுமான காற்றோட்டம் தருவது முதலாளியின் கடமை என்று மனிதவள அமைச்சின் விதியும் சொல்கிறது.

கடைசியாக ஒன்று. இருமல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், எடை குறைந்தால், இரவில் வியர்த்தால் மருத்துவரைப் பாருங்கள். திறந்த சன்னல் தொற்றைக் குறைக்கும். நோயைக் குணப்படுத்துவது மருந்து. காசநோய் முழுமையாகக் குணமாகக்கூடியது. மறைத்து வைக்க வேண்டிய அவமானம் அதில் எதுவும் இல்லை.

அப்பாவுக்கு முதலில் அந்த அவமானம் இருந்தது. “யாரிடமும் சொல்லாதே” என்றார். இந்த உரைக்கு அழைத்தபோது அவரிடம் அனுமதி கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சொல்லு. பேரை மட்டும் சொல்லாதே” என்றார். பிறகு, “முதல்ல அந்தத் திரைச்சீலையைப் பத்திச் சொல்லு” என்றார்.

அந்தத் திரைச்சீலை இப்போது இல்லை. மெல்லிய துணி ஒன்று மாட்டியிருக்கிறோம். காற்று வந்தால் அது அசையும். பேருந்துச் சத்தம் கேட்கத்தான் செய்கிறது, பழகிவிட்டது. என் மகன் இன்னும் தாத்தா அறையில்தான் வீட்டுப்பாடம் செய்கிறான்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும், உங்கள் வீட்டில் அதிக நேரம் மூடியிருக்கும் சன்னல் எது என்று பாருங்கள். நாளைக் காலை அதைத் திறந்து விடுங்கள்.