மோட் பின்னை எங்கே இணைப்பது?



ஏற்காட்டுக் காபிக்குப் பூ மழைதான் உயிர். கோடைத் தொடக்கத்தில் ஒரு நல்ல மழை விழுந்தால் பத்து நாளுக்குள் சேர்வராயன் மலைத் தோட்டங்கள் வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். ஆனால் ஒரு சரிவில் கொட்டுகிற மழை அடுத்த சரிவை எட்டிப் பார்க்காது. அதனால் தோட்டத்துக்குத் தோட்டம் மழையையும் மண் ஈரத்தையும் அளந்து அனுப்பும் சிறு மின்னணுப் பெட்டி வைக்க நினைப்பவர்களுக்காக இன்று பேசுகிறேன்.

சில்வர் ஓக் நிழலிலும் பனிமூட்டத்திலும் சோலார் தகட்டை நம்ப முடியாது. 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரிதான் கதி. உள்ளே இருக்கும் சிப்புக்கோ 1.8 வோல்ட் போதும். சாதாரண ரெகுலேட்டர் போட்டால் பாதி மின்சாரம் சூடாகவே போய்விடும். பக் கன்வெர்ட்டர் என்கிற மின்னழுத்தக் குறைப்புச் சிப் அப்படிச் செய்யாது. உள்ளிருக்கும் சுவிட்சை நொடிக்கு லட்சக்கணக்கான முறை போட்டு அணைக்கும். ஒரு சுருளும் கெப்பாசிட்டரும் அதைச் சீராக்கித் தரும்.

இந்தச் சிப்புகள் பலவற்றில் ‘மோட்’ என்று ஒரு கால், அதாவது பின், உண்டு. பெட்டியின் ஆயுள் அந்தக் காலில்தான் இருக்கிறது. அதை உயர்நிலையில் வைத்தால் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுவிட்ச் ஒரே அதிர்வெண்ணில் ஓடும். தாழ்நிலையில் வைத்தால் சிக்கன முறை: தொட்டில் ஆட்டம் தளரும்போது மட்டும் ஒரு தள்ளு தள்ளுவது போல, மின்னழுத்தம் இறங்கும்போது மட்டும் துடிக்கும்.

கணக்குப் பாருங்கள். எப்போதும் ஓடும் முறையில் சிப் தனக்கென்றே 3 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2,400 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி 800 மணி நேரத்தில், அதாவது 33 நாளில் காலி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிபிஎஸ்62840 போன்ற சிப் சிக்கன முறையில் எடுத்துக்கொள்வதோ சுமார் 60 நானோ ஆம்பியர். பூ மழைக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் பெட்டிக்கு இந்த முறைதான் சரி.

அப்படியானால் எப்போதும் சிக்கனத்திலேயே விட்டுவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். சுமை மாற மாற அந்தத் துடிப்பின் வேகமும் மாறும். சில நேரம் மத்திய அலைக்குள்ளேயே வந்து விழும். திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் வைத்திருக்கும் ட்ரான்சிஸ்டரில் அது கரகரப்பாகக் கேட்கும். நேயர்களுக்கு இந்தக் கரகரப்பு பழக்கமானதுதான். மலிவான சார்ஜர்களும் இதைத்தான் செய்கின்றன. மண் ஈரத்தை அளக்கும் மெல்லிய சமிக்ஞையும் இதே இரைச்சலில் தடுமாறும். கார்களில் இந்தச் சுவிட்சைப் பெரும்பாலும் 2.1 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் நிலையாக ஓடவிடுவது, ரேடியோவைக் கெடுக்கக்கூடாது என்பதற்காகத்தான்.

ஆகவே மோட் காலைத் தரையோடோ மின்சாரத்தோடோ நிரந்தரமாகப் பற்றவைத்துவிடாதீர்கள். மைக்ரோகண்ட்ரோலரின் ஒரு காலோடு இணையுங்கள். தூங்கும்போது தாழ்நிலை, அளப்பதற்குச் சற்று முன் உயர்நிலை, அளந்து 865 மெகாஹெர்ட்ஸில் தகவல் அனுப்பி முடித்ததும் மீண்டும் தாழ்நிலை. நான் சொன்ன சிப்பில் ‘ஸ்டாப்’ என்று இன்னொரு காலும் உண்டு. அளக்கும் கணத்தில் துடிப்பையே நிறுத்தி, கெப்பாசிட்டரில் இருக்கும் மின்னேற்றத்தைக் கொண்டே அமைதியாக வேலையை முடித்துக்கொள்ளலாம்.

ஏற்காட்டுக்கென்று ஒரு எச்சரிக்கை. மைக்ரோகண்ட்ரோலர் மின்சாரம் பெற்று இயங்கத் தொடங்கும் நேரத்தில் மோட் கால் எதனோடும் சேராமல் மிதக்கும். பனியீரம் படிந்த பலகையில் மிதக்கும் கால் எந்தப் பக்கமும் சாயும். 100 கிலோ ஓம் மின்தடை ஒன்றைத் தரைக்குப் போட்டு, பலகைக்கு ஈரம் புகாத பூச்சும் அடித்துவிடுங்கள்.