தங்கவயலின் ஆழமும் வகுப்பறையும்

ஓசூர், கிருட்டிணகிரி வட்டார ஆசிரியப் பெருமக்களே!

எல்லைக்கு அப்பால், கோலார் தங்கவயலில், நிலத்தின்கீழ் ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில் 1965-இல் நிகழ்ந்ததை மாணவருள் எத்துணைப் பேர் அறிவர்? நியூட்ரினோ என உலகம் வழங்கும் நுண்ணொதுமி, வளிமண்டலத்திற் பிறந்து, பாறையில் மோதி எழுப்பிய மியூவான் தடத்தை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தார், சப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் தர்காம் அறிஞருடன் அங்கே கண்டனர். மற்றைக் கதிர்களைப் பாறை தடுத்துவிடும். அதனாலேயே அத்துணை ஆழம். அதனைக் குடைந்த கைகளுள் மிகப் பல தமிழ்க் கைகள்! 2001-இல் சுரங்கமும் மூடப்பட்டது.

அமெரிக்காவில் 1999-இல் தொடங்கிய குவார்க்நெட் திட்டத்தில் இயற்பியலறிஞரும் பள்ளியாசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து கருவியும் பாடமும் வனைந்தனர். இங்கும் அஃது அரிதன்று. கண்ணாடிக் கலம், வெறியம் தோய்ந்த துணி, அடியில் உலர்பனி; முகிற்கலம் அணியம்! (உலர்பனியைக் கையுறையின்றித் தொடலாகாது, முதலில் அதைச் சொல்லுக.) உள்ளங்கை அகலத்தில் நொடிக்கு ஒன்றளவில் வீழும் மியூவான்கள் இடும் வெண்கோடுகளைப் பிள்ளைகள் தம் கண்ணாலேயே காண்பர்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் உயர் ஆற்றல் இயற்பியலுக்கென ஒரு நடுவமே உள்ளது; ஓசூருக்கு அது பேருந்தெட்டும் தொலைவே. அவ்வறிஞரை அழைமின்! அவர் ஆங்கிலத்தில் விளக்குவதைத் தமிழில் வார்ப்பது ஆசிரியர் பணி. மின்னூட்டம், சிதைவு, தடம் என்னும் மூன்று சொற்களைக் கொண்டே முதற்பாடத்தை நடத்திவிடலாம்.